தொட்டவங்களத் தொட்டாப் போதும்

அங்க குந்தாதம்மா, கல்லு சுடும். இந்தாண்ட வா, தூணோட நெழல் இருக்குது பாரு, இங்க குந்து. நான் நவுந்துக்கறேன். இன்னும் கொஞ்சம் நவுரட்டா? போதுமா? காலை நீட்டிக்கோ, ஒன்னும் தப்பில்ல, சன்னதி அந்தப் பக்கம். கொலுசு நல்லா பட்டையா இருக்குதே. ஒத்தக் கால்ல மட்டும் போட்டிருக்க? இப்ப அதான் ஃபேஷனா? நல்லாத்தான் இருக்குது.

வூட்டுக்காரர் எங்க, பிரசாதக் கடைக்கா? கோயில் இட்லி வாங்கவா? அப்ப நேரமாவும். சனிக்கெழம வரிசை கொடிமரம் வரைக்கும் நிக்கும். பாப்பாவையும் தூக்கிக்கினு போயிட்டாரா? நல்லது, நீ ரவ ஆற அமரக் குந்து.

பல்லியத் தொட்டாச்சா? ரெண்டையும்? தங்கத்தையும் தொட்டியா, வெள்ளியையும் தொட்டியா? அப்ப கையக் கழுவிடாத. இட்லி துன்னும்போது கூட இந்தக் கையால துன்னு, அந்தக் கையக் காப்பாத்தி வையி. ஏனா? அட, இது தெரியாதா? பெங்களூர்ல இருக்கறவங்களுக்கு எப்டித் தெரியும். மேல பல்லி உழுந்தவங்க இங்க வந்து தொட்டா தோஷம் போயிடும், அது ஒன்னு. இன்னொன்னு, வர முடியாதவங்க, இங்க வந்து தொட்டவங்களத் தொட்டாலே போதும். அதுக்கே போயிடும். கரண்ட்டு மாதிரிமா, ஆள் மேல ஆள் பாயும்.

திருப்புட்குழில ஒருத்தன் இருந்தான். காலைல வந்து பல்லியத் தொட்டுட்டு வேலூர் பஸ்ல ஏறினான். டிக்கெட் குடுக்கசொல்ல கண்டக்டர் கை பட்டுது. கண்டக்டர் சில்லறை குடுத்த அத்தினி பேருக்கும் பட்டுது. அதுல ஒருத்தர் ஸ்கூல் வாத்தியார், எறங்கிப் போயி அறுவது புள்ளைங்களுக்குக் காதத் திருவினார். அதுங்க வூட்டுக்குப் போயி அம்மா மடியில உழுந்துச்சுங்க. சாயங்காலம் வேலூர்ல இருக்கற அத்தினி பல்லியும் வெக்கப்பட்டுக்கினு செவுத்த வுட்டு எறங்கிப் போயிடுச்சாம், எங்க உழுந்தும் பிரயோஜனம் இல்லன்னு.

சிரி, சிரி. பொய்தான். சிரிச்சா உனக்கு இடது கன்னத்துல மட்டும் குழி உழுதே. அம்மாவுக்கும் உழுமா? உழாதா? அப்ப அப்பா ஜாடையா இருக்கும்.

ஓ. இல்லையா. எப்ப? அஞ்சு வயசுலயா. அடடா. எப்டிமா போனாரு? ஏரிலயா. ம். எந்த ஏரின்னு சொன்னாங்களா? சொல்லலயா. சரி வுடு, கேட்டுட்டேன். வயசானா வாய் கேக்க மாட்டேங்குது. எனக்கு வயசாவறதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல.

நானா? நான் கைடு இல்லமா, கழுத்துல அட்டை இருக்குதா பாரு. தறிக்காரன். பிள்ளையார்பாளையத்துல தறி. இப்ப காலைல ரெண்டு மணி நேரம் ஓட்டுவேன், அப்பறம் இங்க வந்துடுவேன். ரெண்டு வருஷமா இந்தத் தூண்தான். பல்லியத் தொட்டுட்டு வர்றவங்க எல்லாம் இந்த வழியாத்தான் வரணும், பாத்துக்கினு இருப்பேன். அதுல இன்னா இருக்குதா? நிறைய இருக்குதுமா. ஜனங்க ஒருத்தர ஒருத்தர் தொட்டுக்கறதப் பாக்கறதுக்கு இத வுட நல்ல எடம் கெடையாது. சண்டையில இருக்கற மாமியாரும் மருமவளும் கூட இங்க தொட்டுக்குவாங்க. வேற வழி இல்லையே, பல்லி உழுந்துடுச்சே.

நேரம் இருக்குதா? அவர் இன்னும் பாதி வரிசை கூட தாண்டல, இங்கேர்ந்து தெரியுது. அப்ப ஒன்னு சொல்றேன், கேளு. இது பொய் இல்ல. நான் இப்டிச் சொன்னா எங்க தெருவுல யாரும் நம்ப மாட்டாங்க, நீ வெளியூரு, நம்பலாம்.

எங்க தெருவுல ஒருத்தன் இருந்தான். பரசுராமன்னு வச்சுக்கோயேன். நல்ல வேலைக்காரன். கண்ண மூடிக்கினு அறுந்த நூலுக்கு முடிச்சு போடுவான். ஆனா வாயத் தொறந்தா புளுகு. பச்சப் புளுகு. துட்டுக்காக இல்ல, யாரையும் ஏமாத்த இல்ல. சும்மா. எதிர்ல இருக்கறவன் கண்ணு விரியறதப் பாக்கணும், அவனுக்கு அது சாராயம் மாதிரி. பொண்டாட்டி ஒரு வருஷம் சிரிச்சா, ரெண்டு வருஷம் பொறுத்தா, அப்பறம் அவன் மழை வருதுன்னு சொன்னாக்கூட வெளிய வந்து கையை நீட்டிப் பாத்துட்டுத்தான் துணி எடுப்பா.

அவ தம்பிக்கு ஆரணிலேர்ந்து பொண்ணு வூட்டுக்காரங்க வந்தாங்க. எல்லாம் பேசி முடிஞ்சு தட்டு மாத்தப் போறாங்க. இவன் கேசரி எடுத்துக் குடுத்துக்கினே, எங்க மச்சானுக்கு ஆறாவது வெரல் ஒன்னு இருந்துச்சுங்க, அதுதான் நடக்கப்போறத முன்கூட்டியே சொல்லும், வெட்டினப்பறம்தான் கொஞ்சம் புத்தி மங்கிடுச்சுன்னான். அவங்க எழுந்து போயிட்டாங்க. கேசரி அப்டியே கெடந்துச்சு. அன்னிக்கு சாயங்காலமே பொண்டாட்டி கொழந்தையத் தூக்கிக்கினு அம்மா வூட்டுக்குப் போயிட்டா. ஐயம்பேட்டைக்கு.

உங்கம்மா ஊரும் அதானா? அட. ஊர்ல எத்தினியோ வூடு இருக்குதும்மா.

பொண்ணுமா கொழந்த. பேர் எதுக்கு, பாப்பான்னுதான் கூப்புடுவான். அந்த ஒன்னுதான் அவன் சொன்னதெல்லாம் நம்பும். ராத்திரில தறி தானா பாடும்னு சொன்னா, தறி மேல காத வச்சுக்கினே தூங்கிடும். அந்தக் காது இல்லாம அவனால இருக்க முடியல. வாராவாரம் சைக்கிள் எடுத்துக்கினு ஐயம்பேட்டைக்குப் போவான். கதவு தொறக்காது. உள்ளேர்ந்து அப்பான்னு ஒரு சத்தம் வரும், அப்பறம் யாரோ வாயப் பொத்துவாங்க, நின்னுடும். ஒருவாட்டி, எனக்குப் பெரிய வியாதி, ஆறு மாசம்தான் தாங்கும்னு சொல்லிப் பாத்தான். மச்சான், ஏழாவது மாசம் வான்னான். அடுத்த மாசமே நெஜமா டைபாய்டு வந்து படுத்தான், எலும்பாயிட்டான். சொல்லி அனுப்பிச்சான். ஒருத்தரும் வரல. யார் மேல தப்பு, சொல்லு?

எழுந்து நடக்க ஆரம்பிச்சப்ப வைகாசி வந்துடுச்சு. கருட சேவை. நீ பாத்திருக்கியா? விடியசொல்ல பெருமாள் கோபுர வாசலுக்கு வருவாரு, கால் தரையில படாது, கூட்டமே உன்னத் தூக்கிக்கினு போவும். மச்சான் தோள் மேல பாப்பா குந்திக்கினு இருந்துச்சு. பெருமாள் கொடை தெரிஞ்சதும் மச்சான் கொழந்தைய எறக்கிட்டு ரெண்டு கையையும் மேல தூக்கிக் கும்புட்டான் பாரு, அந்த நேரம். அவ்ளோதான். கண்ணத் தொறந்து குனிஞ்சு பாத்தா இல்ல.

பரசுராமன் தோள்ல இருந்துச்சு. அது கூடத் தெரியல அதுக்கு, மாமான்னே நெனச்சுக்கினு தலமுடியப் புடிச்சுக்கினு இருந்துச்சு. ஒலிமுகமதுபேட்டை வந்தப்பறம்தான் எட்டிக் குனிஞ்சு மூஞ்சியப் பாத்துச்சு. அப்பான்னுச்சு. கத்தல மா. மெதுவா, ரகசியம் மாதிரி.

ஆமா, தப்புதான். கோவிச்சுக்காத, நான் அவனுக்காகப் பேசல. அங்க கதறி இருப்பாங்க இல்ல, அத்தினி கூட்டத்துல ஒரு தாய். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அப்டியும் பஸ் ஏறினான்.

தாமல்ல எறங்கினான். அங்க ஜாஹிர்னு ஒரு சிநேகிதன், ஏரிக்கரையில கொய்யாத் தோப்பு குத்தகைக்கு எடுத்திருந்தான். தோப்புல ஒரு கொட்டாய். அண்டா, பாய், ஒரு லாந்தர், அவ்ளோதான். ஜாஹிர் மொதல்லயே சொன்னான், வேணாம்பா, கொண்டுபோயி வுட்ரு, நான் கூட வரேன்னு. இவன், அவங்க அம்மாவே அனுப்பிச்சா, நாளைக்கு வருவான்னான். அவன்கிட்டயும் புளுகு.

மொத நாள் நல்லா போச்சு. ஏரில ஒரு கெழட்டு வெரால் மீன் இருக்குது, அது வெள்ளிக்கெழம ஆனா ஜரிகை போட்ட பட்டு கட்டிக்கினு மேல வரும்னு சொன்னான், பாப்பா நாள் பூரா கரையில குந்திப் பாத்துச்சு. ரெண்டாவது நாள் அம்மா எங்கன்னுச்சு. மூனாவது நாள் வேற ஒன்னும் பேசல. கொய்யா நறுக்கிக் குடுத்தான், துப்பிடுச்சு. மீன் வரலயேன்னும் கேக்கல. அம்மா, அம்மா, அது ஒன்னுதான். அழுது அழுது தொண்ட கட்டிப்போயி, சத்தம் இல்லாம வாய் மட்டும் அசையுது.

அப்ப அவன் ஒன்னு சொன்னான். அவன் வாழ்நாள்ல சொன்ன அத்தினி புளுகையும் அழிச்சிடலாம்மா, அத ஒன்ன அழிக்க முடியாது. ஏரிக்கு அந்தாண்ட கரை தெரியுது பாரு, அம்மா அங்கதான் இருக்கா, விடியசொல்ல தண்ணி மேலயே நடந்து வருவா, நீ தூங்குன்னான்.

தூங்கிடுச்சு. நம்பிடுச்சு.

அவனுக்குப் பயம். கரை பக்கம், கொழந்த எழுந்து எங்கயாவது போயிடுமோன்னு. மடியில ஒரு சிட்டம் பட்டு நூல் இருந்துச்சு. அத முறுக்கி ஒரு மொனைய பாப்பா கால்ல கட்டினான், இன்னொரு மொனைய அவன் மணிக்கட்டுல கட்டிக்கினான். அது நவுந்தா இவனுக்குத் தெரியும் இல்ல? பாசம்தான். ஆனா கட்டின கை தறிக்காரன் கை. சாதா முடிச்சு போடத் தெரியாது அந்தக் கைக்கு. இருட்டுல, பாதித் தூக்கத்துல, பழக்கத்துல தறி முடிச்சு போட்டுச்சு. இழுக்க இழுக்க இறுகும். அவுராது. பட்டு நூல் அறுவவும் அறுவாது, அத நம்பித்தான எங்க பொழப்பே.

காலுக்கு ஏம்மா கையக் கொண்டு போற? கொசுவா? சரி.

விடிஞ்சுச்சு. பாப்பா எழுந்து தண்ணிக்குப் போச்சு. அம்மா நடந்து வர்றாளான்னு பாக்க. நூல் நீளம்தான், முட்டித் தண்ணி வரைக்கும் வுட்டுச்சு, அப்பறம் புடிச்சுச்சு. இவனுக்குக் கைல இழுப்பு. முழிச்சானா? முழிக்கல. அதான் மா. தறியில குந்திக்கினு ஒரு நூல் ஒரு பக்கமா போச்சுன்னா நாங்க யோசிக்க மாட்டோம், கை தானாத் திருப்பி இழுக்கும். தூக்கத்துலயும் இழுத்துச்சு. அது அங்க இழுக்க, இவன் இங்க இழுக்க. எத்தினி வாட்டின்னு தெரியாது. கனவுல தறி ஓட்டிக்கினு இருந்தான். முந்தானை பக்கம் வந்துடுச்சு, முடிச்சிடலாம்னு நெனச்சுக்கினு இருந்தான்.

அப்பறம் சத்தம். ஓடினா, கொழந்த தண்ணில குப்புற. தூக்கினான். உசுர் இருந்துச்சு, இருந்துச்சு, பயப்படாத. கை கால் எல்லாம் சில்லுனு மீன் மாதிரி. கால் மட்டும் கறுப்பு. நூல் சதைக்குள்ள போயி வெளிய தெரியவே இல்ல. முடிச்ச அவுக்கப் பாத்தான், அவன் போட்ட முடிச்சு அவனுக்கே அவுரல. கடைசில பல்லால கடிச்சான். ஜாஹிர் சைக்கிள் மிதிக்க, இவன் பின்னால குந்திக்கினு, கொழந்தைய மார்ல கட்டிக்கினு, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு.

அந்த நூல் இல்லன்னா ஏரி உள்ள போயிருக்கும்னு ஜாஹிர் சொல்லுவான். அவன் நல்லவன், அப்டித்தான் சொல்லுவான். ஆனா அந்தப் புளுகு இல்லன்னா தண்ணிக்கே போயிருக்காதே.

உனக்கு அந்தத் தழும்புக்கு இன்னா சொன்னாங்க? சைக்கிள் சக்கரத்துல மாட்டிக்கிச்சுன்னா? ஆமா, நெறையக் கொழந்தைங்களுக்கு மாட்டும். நான் பாக்கலமா, கொலுசு போட்டிருக்கியே, எப்டிப் பாப்பேன். சும்மா கேட்டேன்.

போலீசுக்குப் போவல அவங்க. அந்தம்மா வேணாம்னுட்டா. ஊர்ல மாரியம்மன் கோயில் எதிர்ல குந்த வச்சாங்க. அவ ஒன்னுதான் கேட்டா. ஜெயிலு வேணாம், தண்டம் வேணாம், கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. அவளே ஒவ்வொரு வார்த்தையா சொல்லச் சொல்ல இவன் திருப்பிச் சொன்னான். இந்தக் கை இனிமே அந்தக் கொழந்த மேல படாது. பட்டா அது கண்ணு போவட்டும். புரியுதா மா? அவன் கண்ணு இல்ல. கொழந்த கண்ணு. கெட்டிக்காரி. அவன் கண்ணுன்னு சொல்லியிருந்தா அடுத்த நாளே போயி தொட்டுட்டுக் குருடனாத் திரிஞ்சிருப்பான், அது அவளுக்குத் தெரியும். உள்ளங்கையால கற்பூரத்த அமுக்கினான். அது அணையற வரைக்கும் எடுக்கல.

வாயத் தொறந்தா பொய் சொல்றவன். அந்த ஒரு வார்த்தைய மட்டும் இருவத்தாறு வருஷமா காப்பாத்திக்கினு வரான். அவங்க அவனச் செத்துட்டான்னு சொல்லி வளத்துட்டாங்க. நல்லதுதான, செத்தவன் தொட மாட்டான் இல்ல? அவனும் ஒத்துக்கினான். ஸ்கூல் பஸ் நிக்கற எடத்துல எதிர்ப் பக்கம் நின்னு பாப்பான். கல்யாணத்துக்குக் கூடப் போனான். பந்தில குந்தி மாப்ள வூட்டுப் பெரியப்பான்னு சொல்லி ரெண்டு வாட்டி பாயசம் கேட்டு வாங்கினான். அட்சதையத் தூரத்துலேர்ந்து போட்டான். ஒரு அரிசி கூட மணமேடைக்குப் போய்ச் சேரல.

ஆனா ஒன்னுமா. அந்த நூல அன்னிக்கே கடிச்சு அறுத்தாச்சு. ஆஸ்பத்திரிக் குப்பையிலதான் போச்சு. இந்தக் கைல இழுப்பு மட்டும் நிக்கல. இப்பவும் விடியசொல்ல ஒரு இழுப்பு. மெதுவா, ரெண்டு வாட்டி. சில நாள் பகல்லயும் வரும். பூக்கடை சத்திரத்துல டீ குடிச்சுக்கினு இருப்பேன், கை வெடுக்குனு போவும், டீ எதிர்ல இருக்கறவன் சட்ட மேல. மூனு வருஷம் முன்னாடி ஆவணி மாசம் ஒரு நாள் பூரா இழுத்துச்சு, தறில குந்தவே முடியல. அங்க ஏதோ கஷ்டம், இல்லன்னா ஏதோ நல்லதுன்னு நெனச்சுக்கினேன். உன் பாப்பா எப்பமா பொறந்துச்சு?

புரட்டாசியா. ஓ. கடைசிலயா?

சரி. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். இல்லன்னா அன்னிக்கு வாயுவா இருக்கும்.

ஆமா, நான்னுதான் சொன்னேன். அவன்னு சொல்லிக்கினே வந்தேன், எங்கயோ வழுக்கிடுச்சு. பரசுராமன்னு யாரும் இல்லமா. அந்தப் பேரு மட்டும்தான் இதுல பொய்.

ஏன் எழுந்துட்ட? போறதுன்னா போ, நான் தடுக்க மாட்டேன், பின்னாடியும் வர மாட்டேன். அவர் இப்பதான் ஜன்னல்கிட்ட போயிருக்காரு. பாப்பா அவர் தோள்ல குந்திக்கினு தலமுடியப் புடிச்சுக்கினு இருக்குது பாரு. நீங்க ஐயம்பேட்டையிலேர்ந்து ஏறினது ஜாஹிர் ஆட்டோதான். தாடி வச்ச கெழவன், வழியெல்லாம் கண்ணாடில உன்னையே பாத்துக்கினு வந்திருப்பான், தப்பா நெனச்சுக்காத. பாப்பா தலையில பல்லி உழுந்துச்சுன்னு நீ அவர்கிட்ட பேசினது அவன் காதுல உழுந்துச்சு. அங்கேர்ந்தே எனக்குப் போன் பண்ணான். ரெண்டு வருஷமா எதுக்கு இந்தத் தூண்ல குந்திக்கினு இருக்கேன்னு அவனுக்குத்தான் தெரியும்.

குந்துறியா? குந்து மா. தண்ணி வேணுமா? வேணாமா.

ஒரு ஒதவி பண்ணு. எம்மேலயும் பல்லி உழுந்துச்சு. நெஜமா, இன்னிக்கு இல்ல, எப்பயோ, எது நெஜம்னு எனக்கே சரியாத் தெரியாது. முட்டி வலி, கூரையில இருக்கற பல்லியத் தொட ஏணி ஏற முடியல. நீ தொட்டிருக்க. கையும் கழுவல. நான் உன்னத் தொட மாட்டேன், பயப்படாத. உன் கண்ணு எனக்கு வேணும். நீதான் தொடணும். சத்தியம் என் கைக்குத்தான் பாப்பா. உன் கைக்கு யாரும் கற்பூரம் கொளுத்தல.

எங்க உழுந்துச்சா? இங்க. மணிக்கட்டுல. கைய மடியில வச்சிருக்கேன், அசைக்க மாட்டேன். ஒரு வெரல் பட்டாப் போதும்.

கை சில்லுனு இருக்குதே. இந்த வெயில்லயும். அன்னிக்கும் இப்டித்தான் இருந்துச்சு.

கூப்புடறாரா? பாப்பாவும் கூப்புடுதா? எடுத்துக்கோ மா, கைய எடுத்துக்கோ. நீ இழு. இந்த வாட்டி நான் திருப்பி இழுக்க மாட்டேன்.